டோப், சௌல்ட்ரி (பழைய ஆங்கிலச் சொற்கள்)

டோப், சௌல்ட்ரி என்பன தென்னிந்தியாவில் வழங்கிய பழைய ஆங்கிலச் சொற்கள் ஆகும். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதிகளைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் நிறைய எழுதி வைத்தனர். தீர்த்தமலை போன்ற ஊர்களின் வரலாற்றைத் தேடும் மாணவர்கள் அவற்றைப் படிக்கும்போது இச்சொற்களில் தடுமாறுவது இயல்பு.

டோப் என்பது நம் தோப்பே. சாதாரண ஆங்கில அகராதியில் அதே எழுத்துகளுக்கு 'மிதமிஞ்சிக் குடித்தல்' என்றும் பொருள் இருக்கும். அதை நம்பினால் மாந்தோப்பு சாராயக்கடை ஆகிவிடும்! சௌல்ட்ரி என்பது சாவடி, வழிப்போக்கர் தங்குமிடம். சென்னையில் அது வழக்கு விசாரிக்கும் இடமாகவும் இருந்தது.

இவற்றுக்கு யூல், பர்னெல் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' (1886) அகராதியைப் பார்ப்பதே நல்லது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருமுன், 1882இல் காலமானார்.