ரிட்டயர்மென்ட்ல பைக்கை விட வேண்டாம்... வெயிட்டை மட்டும் விடுங்க!



ரிட்டயர்மென்ட் பிளானிங்னு சொன்னதும் பி.எஃப்., கிராஜுவிட்டி, மெடிக்ளைம்னு லிஸ்ட் போடுவோம். வாசல்ல கவர் போட்டு நிக்கிற அப்பாவோட பெரிய பைக் அந்த லிஸ்ட்ல வர்றதே இல்ல. ஆனா அதுவும் ஒரு சொத்துதான். வருஷா வருஷம் விலை குறையுற சொத்து. கீழே சாய்ஞ்சா ஆஸ்பத்திரி பில்லும் வைக்கிற சொத்து.

"வயசாயிடுச்சு, வித்துடுங்கப்பா"ன்னு சொல்றது ஒரு வழி. "கிடக்கட்டும், எப்பவாவது ஓட்டுவார்"னு விடுறது இன்னொரு வழி. மூணாவதா ஒரு வழி இருக்கு: கனமான டூரிங் பைக்கைக் கொடுத்துட்டு லேசான பைக்குக்கு மாறுறது. அதோட கணக்கைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

241 கிலோ எங்கே கனக்கும்?

ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-ஓட எடை 241 கிலோ. அதே கம்பெனியோட ஹண்டர் 350 வெறும் 181 கிலோ. வித்தியாசம் 60 கிலோ, அதாவது ஒரு ஆளோட எடை!

ஹைவேல 80-ல போகும்போது இந்த 60 கிலோ தெரியவே தெரியாது. பார்க்கிங்ல வண்டியைப் பின்னாடி தள்ளும்போதும், ஜல்லி கிடக்கிற ரோட்டுல யூ-டர்ன் போடும்போதும்தான் தெரியும். 35 வயசுல சாயுற வண்டியைக் காலை ஊனி நிறுத்திடலாம். 60 வயசு முட்டிக்கு அது கஷ்டம்.

எடையை மட்டும் பார்த்தும் வாங்கிடாதீங்க. சூப்பர் மீட்டியார் சீட் உயரம் 740 மி.மீ., ஹண்டர்ல 790 மி.மீ. வண்டி லேசு, ஆனா சீட் 5 செ.மீ. மேல! அதனால ஷோரூம்ல அப்பாவையே உட்காரச் சொல்லுங்க. ரெண்டு பாதமும் தரையில பதியுதா, உட்கார்ந்தபடியே பின்னாடி தள்ள முடியுதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

350 சிசி: இதுதான் கோடு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்குமான பைக்குக்கு ஜி.எஸ்.டி. 18%. அதுக்கு மேல போனா 40%. இன்ஷூரன்ஸ்லயும் இதே கோடுதான். 2022-ல அறிவிச்ச கட்டணப்படி, தேர்டு பார்ட்டி பிரீமியம் 350 சிசிக்கு மேல வருஷத்துக்கு 2,804 ரூபாய். 150-க்கு மேல 350 வரைக்கும் 1,366 ரூபாய். பாதிக்கும் கீழே!

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பழைய வண்டி 2.5 லட்சத்துக்குப் போகுது, லேசான வண்டியை செகண்ட் ஹேண்ட்ல 1.5 லட்சத்துக்கு வாங்குறீங்கன்னு வெச்சுக்குவோம். கையில மிச்சம் 1 லட்சம். அப்பாவுக்கு 60 ஆயிடுச்சுன்னா அதை போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல போடலாம். 2023 ஏப்ரல்ல அறிவிச்ச 8.2% வட்டிப்படி, 3 மாசத்துக்கு ஒரு தடவை 2,050 ரூபாய் வரும். (போடுற அன்னிக்கு வட்டி எவ்வளவுன்னு செக் பண்ணிக்கோங்க.) சென்னையில இருந்து ஏலகிரி போயிட்டு வர பெட்ரோலுக்கு அது தாராளமாப் போதும். வித்த வண்டியோட காசுலயே அடுத்த ரைடு!

விக்கும்போது மறக்கக்கூடாத மூணு

1. நோ கிளைம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்ல, ஓனருக்குத்தான் சொந்தம். 5 வருஷம் கிளைம் பண்ணாம இருந்தா ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50% வரை தள்ளுபடி. விக்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட லெட்டர் வாங்கிட்டா, 3 வருஷத்துக்குள்ள வாங்குற வண்டிக்கு அதை மாத்திக்கலாம்.

2. ஃபார்ம் 29, 30-ல கையெழுத்துப் போட்டதோட விட்டுடாதீங்க. ஆர்.சி.ல பேர் மாறிடுச்சான்னு பாருங்க. ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர்னு 2018-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. வாங்கினவர் இடிச்சா நஷ்டஈடு கேஸ் அப்பா பேருக்கு வரும்.

3. புது பாலிசில 15 லட்சம் ரூபாய் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க. அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். கால் உடைஞ்சா ஆஸ்பத்திரி செலவுக்கு வராது. அப்பாவோட ஆபீஸ் மெடிக்ளைம் பொதுவா ரிட்டயர்மென்ட்டோட முடிஞ்சுடும். உங்க ஆபீஸ் பாலிசில அவரைச் சேர்த்திருந்தாலும், நீங்க வேலை மாறினா அதுவும் போச்சு. அப்பாவுக்குன்னு தனியா ஒரு ஹெல்த் பாலிசி எடுத்துடுங்க.

எப்போ மாறணும்?

கீழே விழுந்த பிறகு இல்ல. நல்லா ஓட்டிட்டு இருக்கும்போதே. ரெண்டு வருஷம் ஷெட்ல நின்ன வண்டிக்கு பேட்டரி போயிருக்கும், டயர் இறுகியிருக்கும். வாங்க வர்றவர் அதையெல்லாம் சொல்லியே விலையைக் குறைப்பார். 55 வயசுக்கு மேல ரென்யூ பண்ற லைசென்ஸ் 5 வருஷத்துக்குத்தான் செல்லும், டாக்டர் சர்டிஃபிகேட்டும் வேணும். ஒவ்வொரு ரென்யூவலப்பவும் "இந்த வண்டி இன்னும் நமக்குச் சரியா?"ன்னு ஒரு தடவை கேட்டுக்கிறது நல்ல பழக்கம்.

உங்களுக்கு 25, 30 வயசுதான்னாலும் இந்தக் கணக்கு உதவும். "ரிட்டயர் ஆனப்புறம் ஊர் சுத்தலாம்"னு இப்பவே 5 வருஷ இ.எம்.ஐ.ல 650 சிசி எடுக்கிறீங்கன்னா, 60-ல நீங்க ஓட்டப்போறது அந்த வண்டி இல்ல. ரிட்டயர்மென்ட் ரைடுக்கு இன்னிக்குத் தேவை பைக் இல்ல, ஒரு சின்ன எஸ்.ஐ.பி. போதும்.

இந்த ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட "வித்துடுங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. "அப்பா, சும்மா ஒரு டெஸ்ட் ரைடு போயிட்டு வரலாமா?"ன்னு கேளுங்க. உங்க வீட்ல நிக்கிறது எந்த வண்டின்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!