ஏலக்காய் மணக்காதபோது

மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகள் 12 ஜோடி. அவற்றில் முதலாவது வாசனை நரம்பு. வரிசையில் முதலில் நிற்கும் இதுதான் பரிசோதனையின்போது பெரும்பாலும் விட்டுப்போவது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், முட்டியில் சுத்தியலால் தட்டுவார்கள், உள்ளங்காலைக் கீறுவார்கள். மணம் தெரிகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது பெரிய இழப்பு என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சுருக்கமாக எம்.எஸ். என்று சொல்லப்படும் இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்கு இல்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மங்களூர் நகரில் கணக்கெடுத்து 2014இல் வெளியான ஆய்வு, லட்சம் பேரில் சுமார் எட்டுப் பேருக்கு இது இருப்பதாகக் காட்டியது. தென்கோடியில் இப்படிப்பட்டவர்கள் நம்பிப் போகும் இடங்களில் ஒன்று திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற இந்த நிறுவனத்தைச் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் ‘ஸ்ரீ சித்ரா’ என்றால்தான் தெரியும். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும்கூட ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். எம்.எஸ். உள்ளவர் சொல்லும் குறைகள் அநேகமாக ஒரே மாதிரி: ஒரு கண் மங்குகிறது, கால் மரத்துப்போகிறது, நடந்தால் தள்ளாடுகிறது, எந்நேரமும் அசதி. மூக்கைப் பற்றி அவர்களாகச் சொல்வது அபூர்வம். ஆனால் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ 20 முதல் 45 சதவீதம் பேருக்கு மோப்பம் குறைந்திருந்தது. அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. எம்.எஸ். என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மயலின் என்னும் கொழுப்பு உறையை அரிக்கும் நோய். மயலின் போர்த்திய நரம்பிழையில் செய்தி நொடிக்கு நூறு மீட்டர் வரைகூட ஓடும். உறை போனால் செய்தி தடுமாறும், சில நேரம் நின்றேவிடும். ஆனால் மூக்கின் கூரையிலிருந்து மேலே ஏறும் வாசனை இழைகளுக்கு மயலினே கிடையாது. உடலின் மிக மெல்லிய நரம்பிழைகளைச் சேர்ந்தவை அவை. செய்தியை நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் சுமக்கின்றன. மயலினைத் தின்னும் நோய்க்கு மயலினே இல்லாத நரம்பில் என்ன வேலை?

விடை ஓர் எலும்புத் தகட்டுக்கு அப்பால் இருக்கிறது. மூக்குக்கும் மூளைக்கும் நடுவே பொடித் துளைகள் நிறைந்த மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. வாசனை இழைகள் அந்தத் துளைகளில் நுழைந்து, மூளையின் அடிப்புறத்தில் கிடக்கும் வாசனைக் குமிழில் முடிகின்றன. அங்கிருந்து கிளம்பும் பாதைக்கு மயலின் உண்டு. அந்தக் குமிழும் பாதையும் மூளையின் பகுதிகளேதான். அந்தப் பாதை நினைவையும் பயத்தையும் கையாளும் பகுதிகள் வரைக்கும் நேரே போகிறது. பார்வையும் கேட்டலும் தலாமஸ் என்னும் இடைநிலையத்தில் நின்றுதான் மூளையின் புறணிக்குப் போக முடியும். மோப்பத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நோய் பிடிப்பது எலும்புக்கு மேலே இருக்கும் இந்தப் பாதையைத்தான்.

கோவிட் காலத்தில் நாம் மணம் தெரியாமல் பட்டது வேறு. அந்தக் கிருமி எலும்புக்குக் கீழே, மூக்கின் உட்சவ்வில் வாசனைச் செல்களுக்குத் துணைநிற்கும் செல்களைத் தாக்கியது. மூக்குக்குள் இருக்கும் வாசனைச் செல்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பவை. அதனால்தான் பலருக்கும் சில வாரங்களில் மணம் திரும்பியது. எம்.எஸ். நோயில் மயலின் போன இடத்தில் மூளைக்குள் விழும் தழும்பு அப்படி எளிதில் ஆறுவதில்லை.

1997இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டோட்டியும் கூட்டாளிகளும் 26 எம்.எஸ். நோயாளிகளின் மோப்பத்தை அளந்து, அவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களோடு வைத்துப் பார்த்தார்கள். நெற்றி மடலின் அடியிலும் பக்க மடலிலும் தழும்புகள் எத்தனைக்கு அதிகமோ அத்தனைக்கு மோப்பம் குறைவு. மூளையின் மற்ற இடங்களில் இருந்த தழும்புகளுக்கு அந்தத் தொடர்பு இல்லை. சில நோயாளிகளை ஒன்றரை வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தபோது, தழும்புகள் கூடினால் மோப்பம் குறைந்தது, அவை அடங்கினால் தேறியது. சாதாரண மூக்கு மூளைக்குள் நடப்பதை இவ்வளவு நெருக்கமாகப் பின்தொடர்ந்ததுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பெரிய வியப்பு.

இன்று பரவலாகப் பயன்படும் ஜெர்மானியச் சோதனையில் ஸ்கெட்ச் பேனா போன்ற குச்சிகள் இருக்கும். மூடியைத் திறந்து, மூக்குக்கு இரண்டு செ.மீ. முன்னால் மூன்று நொடி பிடிப்பார்கள். முதல் சுற்றில் கண்ணைக் கட்டிவிட்டு மூன்று குச்சிகள் தருவார்கள். ஒன்றில் மட்டும் மணம் உண்டு. எது என்று சொல்லவேண்டும். மிக நீர்த்த அளவில் தொடங்கிப் படிப்படியாக அடர்த்தி ஏறும். இது எவ்வளவு மெல்லிய மணம் எட்டுகிறது என்று அளக்க. அடுத்த சுற்றில் இரண்டு ஒரே மணம், ஒன்று வேறு. வேறானதைப் பிரித்துக் காட்டவேண்டும். கடைசிச் சுற்றில் நான்கு பெயர்களைச் சொல்லி, இது என்ன மணம் என்று கேட்பார்கள்.

மூன்றும் ஒன்றாகக் குறைவதில்லை என்பதுதான் முக்கியம். நோய் பொங்கியெழும் நாட்களில் முதல் சுற்று அடிவாங்கும். அழற்சி தணிந்ததும் பெரும்பாலும் மீளும். வருடங்கள் போகப்போக, நரம்பிழைகளே தேயத் தொடங்கும்போது, பிரித்தறிவதும் பெயர் சொல்வதும் போகும். அவை திரும்பி வருவது அரிது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் நடந்த ஆய்வுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டின. நோய் இப்போது கனல்கிறதா, உள்ளுக்குள் தேய்கிறதா என்ற இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு மோப்பத்தின் இரண்டு வெவ்வேறு திறன்கள் பதில் தருகின்றன.

பெயர் சொல்லும் சுற்றில் ஊரும் வந்து சேர்ந்துகொள்கிறது. டோட்டி 1984இல் அமைத்த 40 மணங்களின் பட்டியலில் பீட்சா, ரூட் பியர், ஜிஞ்சர்பிரெட் எல்லாம் உண்டு. நெய்யாற்றின்கரையில் வளர்ந்த ஒரு அம்மச்சிக்கு ரூட் பியர் தெரியாவிட்டால் அது அவர் மூளையின் குறை ஆகாது. பார்க்கின்சன் நோயாளிகளுக்காக இந்திய மணங்களை வைத்தே ஒரு சோதனையை நம் மருத்துவர்கள் உருவாக்கி 2013இல் வெளியிட்டது இதனால்தான். திருவனந்தபுரத்துக்கென்று ஒன்று செய்தால் ஏலக்காய், காயம், வறுத்த காப்பித்தூள், பலாப்பழம், கருவாடு எல்லாம் தாராளமாக வரலாம். கற்பூரமும் விக்ஸும் கூடாது. அவற்றின் காரமும் குளிர்ச்சியும் முகத்தின் உணர்ச்சி நரம்பைத் தீண்டும். மோப்பமே இல்லாதவரும் “தெரிகிறது” என்று சொல்லிவிடுவார்.

மோப்பம் போனவர் பெரும்பாலும் “சாப்பாட்டில் ருசியே இல்லை” என்றுதான் சொல்வார். மூக்கைப் பொத்திக்கொண்டு, போளியைப் பால்பாயசத்தில் தோய்த்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். இனிப்பும் சூடும் மெதுமெதுப்பும் இருக்கும், ஏலக்காய் இருக்காது. விரலை எடுத்த கணம் அது வாய்க்குள்ளிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறிவரும்.

ருசியை விட்டாலும் ஆபத்து இருக்கிறது. சமையல் எரிவாயுவுக்குத் தனக்கென்று மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாறும் கந்தகச் சேர்மம் ஒன்றை அதில் கலக்கிறார்கள். மோப்பம் குறைந்ததை அறியாதவர் வீட்டில் அந்த எச்சரிக்கை வேலை செய்யாது. எம்.எஸ். உள்ளவரின் அடுக்களையில் கசிவு உணரும் கருவி ஒன்றை மாட்டிவைப்பது நல்லது. மணம் மட்டுப்பட்டதாகத் தோன்றினால் சளி, சைனஸ், கோவிட் என்று காரணங்கள் பல இருக்கலாம். வீட்டில் காப்பி டப்பாவை முகர்ந்து முடிவு கட்டக் கூடாது. தொடங்கிய தேதியையும், அந்த நாட்களில் கண்ணோ காலோ தொந்தரவு தந்ததா என்பதையும் குறித்து நரம்பியல் மருத்துவரிடம் சொன்னால், அடுத்த எம்.ஆர்.ஐ. படத்தோடு வைத்துப் பார்க்க அவருக்கு அது உதவும்.