கோடு தெரியுது பாஸ்!

காரைக்குடி பக்கம் கல்யாணத்துக்குப் போனா, பந்திக்கு ஓடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் குனிஞ்சு தரையைப் பாருங்க. ஆத்தங்குடி கல்லு! பல டிசைன்களில் ஒரு கல்லோட மூலையில கால் பூதான் இருக்கும். நாலு கல்லைச் சேர்த்துப் பதிச்சாத்தான் முழுப் பூ மலரும். எங்கே ஒரு கல் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குதுன்னு கண்ணு தேடவே தேடாது.

இதே வித்தையைக் கம்ப்யூட்டர்ல செய்தா அதுக்குப் பேர் 'சீம்லெஸ் டைல்'. கேம்ஸ்ல வர்ற புல்தரை, வெப்சைட் பின்னணி, நீங்க போட்டிருக்கிற பூப்போட்ட சட்டை... எல்லாமே ஒரு சின்னப் படம் திரும்பத் திரும்ப வர்றதுதான்.

அந்த வித்தை தெரியாம நான் அசிங்கப்பட்ட கதை இது. மூன்றாம் வருஷம், எங்க டிபார்ட்மென்ட் விழா. மேடைக்குப் பின்னாடி கட்ட 20 அடி துணி பேனர் என் பொறுப்பு. கேம்பஸ்ல உதிர்ந்து கிடந்த குல்மொஹர் இதழ்களை செல்போன்ல எடுத்தேன். சதுரமா வெட்டினேன். காப்பி, பேஸ்ட், காப்பி, பேஸ்ட். பிரின்ட் வந்தது. விரிச்சுப் பார்த்தா பூவே தெரியலை, கட்டம் கட்டமா கோடுதான் தெரிஞ்சது!

"மச்சி, சூப்பர்டா... பாத்ரூம் சுவரு!" என்றான் ரூம்மேட். சிரிக்க முடியலை. அது 58 பேர்கிட்ட வசூல் பண்ணின காசு.

பிரின்ட் கடை அண்ணன்தான் என்னை உட்கார வெச்சார். "தம்பி, நீங்க குடுத்த ஃபைல்ல என்ன இருக்கோ அதுதான் துணியில வரும். ஓரத்தைப் பார்த்தீங்களா?" பார்க்கலை. ஓரத்தை யாரு பார்ப்பா?

கோடு ஏன் வருது?

காரணம் ரெண்டு. ஒண்ணு, இடது ஓரத்துல பாதியா வெட்டுப்பட்ட இதழோட மீதிப் பாதி வலது ஓரத்துல, அதே உயரத்துல இருக்கணும். என் படத்துல இல்லை. ரெண்டாவது, வெளிச்சம். ஒரு பக்கம் வெயில், இன்னொரு பக்கம் மர நிழல். பக்கத்துல பக்கத்துல வெச்சதும் வெயிலும் நிழலும் முட்டிக்கிட்டுக் கோடாயிடுச்சு.

ஓரத்தை நடுவுக்குக் கொண்டு வா!

அண்ணன் சொல்லிக் கொடுத்த முறை இது. படம் 1000-க்கு 1000 பிக்ஸல்னு வெச்சுக்குங்க. போட்டோஷாப்ல 'ஃபில்டர்' மெனுவில் 'அதர்', அதுக்குள்ளே 'ஆஃப்செட்'. ரெண்டு பக்கமும் 500 கொடுத்து, 'ராப் அரவுண்ட்' தேர்ந்தெடுங்க. காசு கொடுக்காம கிடைக்கிற ஜிம்ப்ல 'லேயர்' மெனுவில் 'டிரான்ஸ்ஃபார்ம்', அப்புறம் 'ஆஃப்செட்'.

இப்ப என்ன ஆகும்? வலது பக்கம் வெளியே போன பாதி, இடது பக்கமா உள்ளே வரும். மேலேயும் கீழேயும் அப்படித்தான். நாலு ஓரமும் நடுவுல வந்து கூட்டல் குறி மாதிரி நிக்கும். இதுவரைக்கும் ஒளிஞ்சிருந்த தப்பு, முகத்துக்கு நேரா!

புது ஓரங்கள் பழைய படத்தோட நடுப்பகுதியிலிருந்து வந்தவை. அதனால தானா ஒட்டிக்கும், அதைத் தொடாதீங்க. நடுவுல இருக்கிற கூட்டல் குறியை மட்டும் 'குளோன் ஸ்டாம்ப்', 'ஹீலிங்' பிரஷ்ஷால அழிங்க. நேர்கோடா அழிச்சா இன்னொரு கோடு வரும். இதழோட வளைவிலேயே வளைஞ்சு போங்க. முடிச்சதும் இன்னொரு தடவை ஆஃப்செட் போட்டுப் பாருங்க. சுத்தமா இருந்தா பாஸ்!

கையால வரையறவங்களுக்கும் இதே கதைதான். பேப்பர் நடுவுல வரைஞ்சு, நெடுக்கா வெட்டி இடம் மாத்தி ஒட்டி, குறுக்கா வெட்டி இடம் மாத்தி ஒட்டி, காலியா இருக்கிற நடுவை நிரப்பணும்.

உஷார் டிப்ஸ்!

* மேகமூட்டமான நேரத்துல, நேர் மேலிருந்து படம் எடுங்க. வெளிச்சம் சமமா இல்லைன்னா ஆஃப்செட் போடறதுக்கு முன்னாடியே சரி பண்ணுங்க.

* 'பளிச்'னு ஒரே ஒரு காய்ஞ்ச இலை இருக்கா? தூக்கிடுங்க. கோடே இல்லாட்டியும் அந்த இலை வரிசை கட்டி நின்னு காட்டிக் கொடுத்துடும்.

* படத்தைக் கண்ணாடி பிம்பம் மாதிரி திருப்பி ஒட்டற குறுக்கு வழி ஒண்ணு உண்டு. ஓரம் பொருந்தும், ஆனா எங்கே பார்த்தாலும் பட்டாம்பூச்சி மாதிரி ஜோடி உருவம் தெரியும்.

* சைஸை முதல்லயே முடிவு பண்ணுங்க. கடைசியில சின்னதாக்கினா ஓரப் பிக்ஸல் மங்கி, தலைமுடி மாதிரி ஒரு கோடு எட்டிப் பார்க்கும்.

* பிஎன்ஜி-யா சேவ் பண்ணுங்க. ஜேபெக், படத்தை 8-க்கு 8 பிக்ஸல் கட்டங்களாப் பிரிச்சு அமுக்கும். எதிர் ஓரத்துல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

* கடைசியா, 3-க்கு 3 அடுக்கி, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. இதைச் செய்யாம பிரின்ட்டுக்குக் கொடுக்காதீங்க.

டெக்ஸ்டைல் டிசைன் படிக்கிறவங்களுக்கு இது இன்னும் சீரியஸ். ரோட்டரி பிரின்டிங்ல டிசைன் ஒரு உருளை மேல இருக்கும். அதோட வழக்கமான சுற்றளவு 64 செ.மீ. டிசைனோட முடிவு ஆரம்பத்தோட ஒட்டலைன்னா, ஒவ்வொரு 64 செ.மீ.க்கும் அந்தக் கோடு விழும். 1,000 மீட்டர் துணியில 1,500 தடவைக்கு மேல அதே தப்பு!

சரி, என் பேனர்? அன்னிக்கு ராத்திரியே சரி பண்ணி, என் சொந்தக் காசுல மறுபடி அடிச்சேன். விழா நடந்தது. பாட்டைப் பத்திப் பேசினாங்க, டான்ஸைப் பத்திப் பேசினாங்க. பேனரைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசலை. ரூம்மேட் மட்டும் மேடை ஏறி, மூக்கு உரசற தூரத்துல நின்னு தேடிட்டு வந்தான்.

"எங்கேடா ஒட்டினே?"

சொல்லலை!