இடிபாடுகளின் மீது எழுந்த உல்லாசச் சாலை

ஜேர்மனியின் தென்பகுதியிலே, மைன் நதிக்கரையில் உள்ள வூர்ஸ்பேர்க் நகரில் தொடங்கி, அல்ப்ஸ் மலையடிவாரத்து ஃபூசன் நகரில் முடிவடையும் ஏறத்தாழ 460 கிலோமீற்றர் நீளமான பாதைக்கு ‘ரொமான்ரிக் சாலை’ என்று பெயர். திராட்சைத் தோட்டங்கள், மதில் சூழ்ந்த பழைய நகரங்கள், பசும்புல் மேடுகள், இறுதியில் மலையின் பின்னணியில் ஓர் அரசனின் வெண்ணிற மாளிகை என்று காண்போர் மனத்தை மயக்கும் காட்சிகள் இதன் வழியெங்கும் உண்டு. கறுப்பு நிற மெர்சிடெஸ் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து, சாரதி வழிகாட்ட, நட்சத்திர விடுதிகளில் தங்கித் தங்கி ஐந்தாறு நாட்களில் இச்சாலையைக் கடப்பது வசதி படைத்தோரின் விடுமுறைகளுள் ஒன்று. இன்று, படித்துத் தொழில் பெற்று நிமிர்ந்துவிட்ட எம் பிள்ளைகளும் பெற்றோரின் அறுபதாம் அகவையை முன்னிட்டு இத்தகைய பயணமொன்றைப் பரிசளிக்க எண்ணுவதுண்டு. தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் முதுகொடிய உழைத்த தாய் தந்தையர் ஐந்து நாட்கள் பின்னிருக்கையில் சாய்ந்து அமர்வதில் எவருக்கும் மனக்குறை இருக்க நியாயமில்லை.

ஆயினும் புறப்படுமுன் ஒன்றை அறிந்துகொள்வது நன்று. இச்சாலை மன்னர் காலத்துச் சாலை அன்று. போர் முடிந்து ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1950 ஆம் ஆண்டில், அவுக்ஸ்பேர்க்கில் கூடிய நகரங்களின் பிரதிநிதிகள் தனித்தனியாகக் கிடந்த ஊர்களை ஒரு பெயரால் இணைத்து உருவாக்கியது இது. இட்லரின் ஆட்சியினால் உலகமே வெறுத்த நாடு ஜேர்மனி. அதன் நகரங்கள் கற்குவியல்களாகக் கிடந்தன. அந்நிலையில் ‘இங்கே வந்து பாருங்கள்’ என்று அழைப்பதற்கு ஓர் அழகிய பெயர் தேவைப்பட்டது. அவ்வழைப்பை ஏற்று வந்த முதல் விருந்தினருள், அந்நாட்டைக் குண்டுவீசித் தோற்கடித்த அமெரிக்கப் படையினரும் அவர்தம் குடும்பத்தினரும் அடங்குவர். பின்னர் ஜப்பானியர் பெருந்தொகையாக வந்தனர். இன்றும் சாலையோரப் பெயர்ப்பலகைகள் சிலவற்றில் ஜேர்மன் எழுத்துக்குக் கீழே ஜப்பானிய எழுத்தைக் காணலாம்.

வண்டியையும் சாரதியையும் பற்றிச் சிறிது கூறிவிட்டுப் பயணத்தைத் தொடர்வோம். ‘சோபர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் மூலப்பொருள் தீ மூட்டுபவன் என்பதாகும். நீராவி இயந்திரத்துக்கு நெருப்பிட்டவனின் பெயர், காலப்போக்கில் செல்வந்தரின் வண்டியோட்டிக்கு உரியதாயிற்று. ஜேர்மனியில் பயணிகளைக் கூலிக்கு ஏற்றிச் செல்பவருக்குச் சாதாரண சாரதி அனுமதிப்பத்திரம் போதாது; மருத்துவச் சோதனையுடன் வழங்கப்படும் தனி அனுமதியும் வேண்டும். வாடகை வண்டிச் சாரதிகளாகப் பணியாற்றும் எம்மவருக்கு இது புதிய செய்தி அன்று. கட்டணம் பெரும்பாலும் நாட்கணக்கில், குறிப்பிட்ட தூரத்துக்கும் மணித்தியாலங்களுக்கும் என்று பேசப்படும். சாரதியின் தங்குமிடம், உணவு, வண்டி வெறுமையாகத் தன் நிலையத்துக்குத் திரும்பும் செலவு ஆகியன அக்கட்டணத்துள் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பணத்தகராறு எழுவது பெரும்பாலும் அங்கேதான். ஊழியரான சாரதி ஒருவர் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்யலாகாது என்பதும், அதன் பின் பதினொரு மணித்தியால ஓய்வு வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டம். ஆகவே காலை எட்டு மணிக்குப் புறப்பட்டவர் இரவு பத்து மணிக்கும் தம்மை உணவகத்திலிருந்து அழைத்துவர வேண்டுமென எதிர்பார்க்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் உடன் வருவதாயின், பன்னிரண்டு வயதுக்கும் 150 சென்ரிமீற்றர் உயரத்துக்கும் குறைந்த பிள்ளைகளுக்குச் சிறுவர் ஆசனம் கட்டாயம் என்பதால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

இனி வூர்ஸ்பேர்க். அங்கே முதலிற் காணவேண்டியது இளவரச ஆயர்களின் அரண்மனை. பல்தசார் நொய்மன் என்னும் கட்டடக் கலைஞர் தூண்களின்றி எழுப்பிய மாபெரும் வளைகூரையின் கீழ் அதன் படிக்கட்டு விரிந்து செல்கின்றது. அக்கூரையில் 1752, 1753 ஆம் ஆண்டுகளில் வெனிஸ் நகரத்து ஓவியர் தியெப்போலோ நான்கு கண்டங்களையும் பெண் உருவங்களாகத் தீட்டினார். ஆசியா யானை மீது அமர்ந்து வருகிறாள். நிமிர்ந்து பார்ப்போர் அறியவேண்டிய செய்தி வேறொன்று. 1945 மார்ச் 16 ஆம் நாள் மாலை, இருபது நிமிடங்களுக்குள், பிரித்தானிய விமானங்கள் இந்நகரின் உட்பகுதியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அழித்தன. ஐயாயிரம் அளவிலான மக்கள் மாண்டனர். அரண்மனையின் கூரைமரங்கள் எரிந்து வீழ்ந்தபோதும் நொய்மனின் கல்வளைவு தாங்கி நின்றது. பின்னர் வந்த அமெரிக்கப் படையில் கலைப்பொருள் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் ஸ்கில்ற்றன் என்ற அதிகாரி, மரமும் கூரைப் பொருளும் தேடிப் பெற்று, மழை இறங்காதபடி ஒரு தற்காலிகக் கூரையை அமைப்பித்தார். குண்டுவீசிய கூட்டணியைச் சேர்ந்த ஒருவர் எதிரியின் ஓவியத்துக்குக் குடை பிடித்த கதை அது. மாளிகையின் மீள்கட்டுமானம் 1987 வரை நீடித்தது.

வூர்ஸ்பேர்க்கிலிருந்து வளைந்து வளைந்து செல்லும் சாலை, ரொத்தன்பேர்க்கை அடைகின்றது. இச்சாலையின் புகழுக்கெல்லாம் தலையாய ஊர் இதுவே. கல் பதித்த தெருக்கள், மரச்சட்ட வீடுகள், காவற் கோபுரங்கள், முழுமையாகச் சுற்றி நிற்கும் மதில் என, நானூறு ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன கடிகாரம் போன்று தோன்றும். அத்தோற்றத்தில் பாதி மட்டுமே உண்மை. 1945 மார்ச் 31 இல் நிகழ்ந்த அமெரிக்கக் குண்டுவீச்சில் பழைய நகரின் ஏறத்தாழ 40 விழுக்காடும், 600 மீற்றருக்கு மேற்பட்ட மதிலும் அழிந்தன. இன்னொரு தாக்குதல் நிகழ்ந்திருப்பின் எஞ்சியதும் போயிருக்கும். அமெரிக்கப் போர்த்துறையின் துணைச் செயலாளர் ஜோன் மக்குளோய் அந்நகரின் அழகைத் தம் தாயார் வாயிலாக அறிந்திருந்தவர். அவரது தலையீட்டினால் பீரங்கித் தாக்குதல் தவிர்க்கப்பட்டது. நகரில் இருந்த ஜேர்மன் தளபதியும், இறுதிவரை போரிடுக என்ற இட்லரின் கட்டளையை மீறி நகரை ஒப்படைத்தார்.

இடிந்த மதிலை மீண்டும் கட்டப் பணம் இல்லாதபோது, உலகெங்குமிருந்து நன்கொடை கேட்கப்பட்டது. இத்தனை மீற்றர் மதிலுக்கு இன்னார் கொடுத்தார் என்று பொறிக்கப்பட்ட கற்களை மதிலின் மேல் நடக்கும்போது வரிசையாகக் காணலாம். அமெரிக்கப் பெயர்கள், ஜப்பானியப் பெயர்கள், ஊர்ப்பெயர்கள். கோயிற் திருப்பணிக்கு உபயகாரர் பெயர் பொறிக்கும் வழக்கம் உள்ள எமக்கு அக்கற்கள் அந்நியமாகத் தோன்றா. வண்டியைக் கோட்டை வாயிலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லி, ஒரு மணி நேரமாவது அம்மதிலின் மீது நடந்து பாருங்கள்.

சில வழிகாட்டிகள் கூறாமல் விடும் பகுதியும் ஒன்று உண்டு. நாசிகள் இந்நகரை இலட்சிய ஜேர்மன் நகரமாகப் போற்றினர். தொழிலாளரைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்து காட்டினர். 1938 ஒக்ரோபர் மாதத்திலேயே, நாடெங்கும் யூத ஆலயங்கள் எரிக்கப்பட்ட நவம்பர் இரவுக்குச் சில வாரங்கள் முன்னதாக, எஞ்சியிருந்த யூதக் குடும்பங்கள் இங்கிருந்து துரத்தப்பட்டன. யூதர் தெரு என்ற பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கின்றது. பூந்தொட்டிகள் நிறைந்த அத்தெருவையும் காட்டும்படி கேளுங்கள்.

ரொத்தன்பேர்க்கைப் பற்றி எழுதும்போது எம்மவர் வரலாறும் குறுக்கிடுகின்றது. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டத்தில், நூர்ன்பேர்க்கை அடுத்து இருப்பது சிர்ன்டோர்வ். எண்பதுகளில் ஜேர்மனியில் தஞ்சம் கோரியோருக்கு அவ்வூரின் முகாமும், அங்கேயே இயங்கிய அகதிகள் அங்கீகாரப் பணியகமும் மறக்கவியலாத பெயர்கள். 1982 ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டப்படி, தஞ்சம் கோரியவர் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறலாகாது. மீறினால் தண்டப்பணம், மீண்டும் மீறினால் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். ரொத்தன்பேர்க் இருப்பது அன்ஸ்பாக் மாவட்டத்தில். சிர்ன்டோர்வ் இருப்பது ஃபூர்த் மாவட்டத்தில். உலகமெல்லாம் திரண்டு வந்து பார்த்த அவ்வூரை, அயலில் இருந்த அகதி பார்ப்பதற்கு அதிகாரியின் முத்திரை வேண்டியிருந்தது. உறவினரின் மரணச் சடங்குக்குப் போவதற்கும் அதே முத்திரைதான். 2015 ஆம் ஆண்டில் அவ்விதி பெருமளவு தளர்த்தப்பட்டது. ஆயினும் முதல் வரவேற்பு முகாம்களில் தங்கவேண்டியவர்களுக்கு அது இன்றும் முற்றாக நீங்கவில்லை. அக்காலத்தில் எல்லைக்கோட்டை எண்ணி எண்ணி இரயிலேறியவர்கள், இன்று அதே மாவட்ட எல்லைகளைச் சாரதியின் வண்டியில் உறங்கியவாறே கடக்கலாம்.

டிங்கெல்ஸ்பூல் அழகிய ஊர். மதிய உணவுக்குப் போதும். நொர்ட்லிங்கனில் சற்று நிற்கலாம். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று மோதியதால் உண்டான, 24 கிலோமீற்றர் அகலமான பள்ளத்தினுள் அந்நகர் அமைந்திருக்கின்றது. அம்மோதலில் உருவான கல்லினாலேயே புனித ஜோர்ஜ் தேவாலயம் கட்டப்பட்டது. அதன் 90 மீற்றர் உயரக் கோபுரத்தில் இன்றும் இரவு பத்து மணி முதல் காவலர் ஒருவர் குரலெழுப்புகிறார். சந்திரனுக்குச் சென்ற அப்பலோ 14 விண்வெளி வீரர்கள் 1970 இல் இங்கு வந்தே பாறைகளை இனங்காணப் பயின்றனர்.

அவுக்ஸ்பேர்க்கில் அரச விடுதிகளுக்கு நிகரான விடுதிகள் பல உண்டு. எனினும் அந்நகரில் எமக்கு முதன்மையாகத் தோன்றுவது ஏழைகளின் குடியிருப்பே. பெருவணிகரான யாக்கோப் ஃபுக்கர் 1521 இல் நிறுவிய ஃபுக்கராய் என்னும் அக்குடியிருப்பில், இன்றும் ஏறத்தாழ 150 பேர் வாழ்கின்றனர். வாடகை ஆண்டொன்றுக்கு 88 சதம்! மின்சாரம், வெப்பம் முதலியவற்றின் செலவு வேறு. ஓராண்டு வாடகையைவிடப் பன்மடங்கு, பார்வையாளர் நுழைவுக் கட்டணமாகச் செலுத்தவேண்டும். குடியிருப்போர் வறியவராகவும், அந்நகரத்தவராகவும், கத்தோலிக்கராகவும் இருத்தல் வேண்டும். நிறுவியவரின் ஆன்மாவுக்காக நாள்தோறும் மூன்று செபங்கள் செய்தல் வேண்டும். இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுப்பாட்டனார் வாழ்ந்த வீடும் இங்குண்டு. 1944 பெப்ரவரி குண்டுவீச்சில் இதுவும் அழிந்து, பின் மீளக் கட்டப்பட்டது.

அந்த வணிகரின் செல்வத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1505 இல் பிரான்சிஸ்கோ டி அல்மெய்தாவின் தலைமையில் மிளகு தேடி இந்தியா நோக்கிச் சென்ற போர்த்துக்கேயக் கப்பல்களில் முதலிட்ட ஜேர்மன் வணிகருள் ஃபுக்கர் குடும்பமும் ஒன்று. இலங்கைக் கரையை அடைந்த முதற் போர்த்துக்கேயத் தளபதி அந்த அல்மெய்தாவின் மகனே. 1619 இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்த கதையின் தொடக்கப் பக்கத்தில் இந்நகரத்துப் பணமும் இருக்கின்றது.

தெற்கே செல்லச் செல்ல நிலம் உயர்கின்றது. புல்வெளி நடுவே தனித்து நிற்கும் வீஸ் தேவாலயம் வெளியே எளிமையாகவும் உள்ளே பொன்னும் வெண்மையுமாகவும் திகழ்வது. இறுதியில் நொய்ஷ்வான்ஸ்டைன். 1869 இல் இரண்டாம் லூட்விக் மன்னன் தொடங்கிய இம்மாளிகை, 1886 ஜூன் மாதம் அவன் ஏரியொன்றில் இறந்து கிடந்தபோது முற்றுப்பெற்றிருக்கவில்லை. ஏழு வாரங்களில் மக்களுக்குக் கட்டணத்துடன் திறந்துவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிரான்சில் யூதரிடமிருந்து கொள்ளையிட்ட கலைப்பொருட்களை நாசிகள் இங்கே குவித்து வைத்திருந்தனர். 2025 ஆம் ஆண்டில் இது உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது. எத்தனை உயர்ந்த வண்டியாயினும் மாளிகை வாசல்வரை செல்ல முடியாது. அடிவார ஊரில் இறங்கி நடந்தோ குதிரை வண்டியிலோ ஏறவேண்டும். நுழைவுச்சீட்டில் குறித்த நிமிடத்துக்குப் பிந்தியவரை உள்ளே விடமாட்டார்கள். அரைமணி நேரத்தில் உள்ளே பார்த்து முடித்துவிடலாம்.

ஃபூசன் ஒஸ்திரிய எல்லையில் உள்ள ஊர். மலைக்கணவாயைக் காட்ட வண்டி எல்லையைக் கடப்பது வழக்கமாதலால் ஆவணங்களை விடுதியில் விட்டுச் செல்லாதீர்கள். 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்பட்ட பயணப்பத்திரத்தை இன்னும் வைத்திருப்போர், தாம் வாழும் நாட்டிலிருந்து ஜேர்மனிக்கு விசா தேவையா என்பதை, பயண நிறுவனத்திடமன்றித் தூதரகத்திடமே கேட்டறிதல் வேண்டும். முற்பணம் செலுத்துமுன் கேட்பது நன்று.

திரும்பும் வழியை மியூனிச்சுக்கு நேரே விடாமல், கவுஃப்போயிரன் வழியாகச் செல்லுமாறு சாரதியிடம் கூறுங்கள். தனி வண்டியின் மெய்யான வசதி இதுதான்: சுற்றுலாப் பேருந்து திரும்பாத தெருவிலும் அது திரும்பும். அந்நகரின் ஒரு பகுதிக்கு நொய்கப்லோன்ஸ், அதாவது புதிய கப்லோன்ஸ், என்று பெயர். பொகீமியாவின் கப்லோன்ஸ் நகரில் கண்ணாடி அணிகலன் செய்து வாழ்ந்த ஜேர்மன் மொழியினர், போர் முடிந்ததும் சில பத்துக் கிலோ பொதியுடன் வெளியேற்றப்பட்டனர். கிழக்கிலிருந்து அவ்வாறு இடம்பெயர்ந்த ஜேர்மானியர் ஏறத்தாழ ஒரு கோடி இருபது இலட்சம் பேர். அவர்களுட் பலர் 1938 இல் இட்லரை ஆரவாரித்து வரவேற்றவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வந்தவர்களுக்குக் கிடைத்தது காட்டுக்குள் தகர்க்கப்பட்டுக் கிடந்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் நிலம். 1946 முதல் அக்கொங்கிறீற் இடிபாடுகளுக்கிடையே பட்டறைகளை அமைத்து, பழைய கைத்தொழிலையே மீண்டும் தொடங்கினர். தெருக்களுக்குத் தாம் இழந்த ஊர்களின் பெயர்களைச் சூட்டினர்.

உல்லாசப் பயண ஏடுகளில் இவ்வூர் அரிதாகவே இடம்பெறும். கோபுரமோ அரண்மனையோ இல்லை. அடுக்குமாடி வீடுகளும் சிறு பட்டறைகளும் அணிகலன் கடைகளுமே உண்டு. அவர்கள் விட்டு வந்த ஊர், ஏறிவந்த இரயில், முதற் பட்டறைகளின் கருவிகள் முதலியவற்றைக் கூறும் அருங்காட்சியகம் ஒன்று இருக்கின்றது. ஒன்றரை மணி நேரம் போதும். அன்றைய மணித்தியாலக் கணக்கில் அதனையும் சேர்த்துக்கொள்ளுமாறு காலையிலேயே சாரதியிடம் சொல்லிவிடுங்கள்.