குழாய் மிஸ்திரியின் கூலி

அலிப்பூர் என்றவுடன் மிருகக்காட்சிசாலையும், தேசிய நூலகமும், உயர்ந்த மதில்களுக்குள் நிற்கும் மாளிகைகளுமே பலருடைய நினைவுக்கு வரும். ஆனால் அதே அலிப்பூரில், பழைய கட்டடங்களின் மாடிகளில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களும் உண்டு. அப்படிப்பட்ட வீடொன்றில்தான் நானும் என் மனைவியும் வசித்து வருகிறோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியது. பக்கத்துக் கடைக்காரர் சொல்லி அனுப்ப, குழாய் மிஸ்திரி ஒருவர் பையுடன் வந்தார். பத்தே நிமிடத்தில் வாஷரை மாற்றிவிட்டு 300 ரூபாய் கேட்டார். ஐந்தாறு ரூபாய் வாஷருக்கு 300 ரூபாயா என்று நான் வாதாடி, 200 ரூபாய் கொடுத்தேன். அவர் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். புறப்படும்போது, "பாபு, சுவரோரத்தில் வளைவு இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. 800 ரூபாயில் மாற்றிவிடலாம்" என்றார். இல்லாத வேலையை உண்டாக்குகிறார் என்று எண்ணி, "பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டேன்.

பதினைந்து நாளுக்குப்பின், ஒரு சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு அந்த இணைப்பு உடைந்தது. தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சமையலறை குளமாகி, கீழ்வீட்டு வயதான வங்காளத் தம்பதியரின் கட்டிலின்மேல் கூரையிலிருந்து நீர் சொட்டியது. வேறு வழியின்றி அதே மிஸ்திரியைத் தொலைபேசியில் அழைத்தேன். வரமாட்டார் என்றே நினைத்தேன். அரைமணி நேரத்தில் வந்து நின்றார். அந்த நூறு ரூபாயைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முடிவில் எனக்கு ஆன செலவு இது: குழாயும் இணைப்புகளும் 1,450 ரூபாய், மிஸ்திரிக்கு இரண்டு நாள் கூலி 2,000, உதவியாளருக்கு 1,200, உடைத்த சுவரையும் ஓட்டையும் சரிசெய்த கொத்தனாருக்கு 1,500, கீழ்வீட்டுக் கூரைக்குப் பூச்சும் வண்ணமும் 2,200. ஆக மொத்தம் 8,350 ரூபாய். எண்ணூறில் முடிய வேண்டியதைப் பத்து மடங்காக்கியது என் சந்தேகம்தான்.

இவர்கள் யார்?

வேலை நடந்த இரண்டு நாளும் அவருடன் பேச நேரம் கிடைத்தது. அவர் வங்காளி அல்லர். ஒடிசா மாநிலத்தின் கேந்திரபாரா மாவட்டத்தில், பட்டாமுண்டை என்னும் ஊரின் பக்கத்திலிருந்து வந்தவர். இதில் வியப்பில்லை. இந்தியப் பெருநகரங்களில் குழாய் வேலை செய்வோரில் மிகப் பலர் அந்த ஒரே மாவட்டத்தார். வளைகுடா நாடுகளுக்கும் அவர்கள் செல்கின்றனர். பட்டாமுண்டையில் இத்தொழிலைக் கற்பிப்பதற்கென்றே அரசு பயிற்சி நிறுவனமும் உள்ளது.

இதன் தொடக்கம் நம்முடைய கல்கத்தாதான். 1930களில் இங்கிருந்த ஆங்கிலேய நிறுவனங்கள் கேந்திரபாரா இளைஞரை இத்தொழிலில் பழக்கின என்றும், 1947இல் தேசப் பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த தொழிலாளர் பலர் எல்லை கடந்து போய்விட, அவர்களுடைய இடத்தை ஒடியர் நிரப்பினர் என்றும் அம்மாவட்டத்தார் வழிவழியாகக் கூறுவர். ஆறுகள் பெருகும் கடலோர மாவட்டம் அது. வெள்ளமும் புயலும் அடிக்கடி வயலை அழிக்கும். அண்ணன் தம்பியை அழைத்து வந்தான். மாமன் மருமகனை அழைத்து வந்தான். நம்மவர்கள் இந்நகரத்துக்கு வந்த விதமும் இதுவே அல்லவா?

மிஸ்திரி என்ற சொல்லும் நமக்கு அந்நியமன்று. போர்த்துக்கீசிய மொழியில் தலைமைத் தொழிலாளியைக் குறிக்கும் சொல்லே வங்காளத்தில் மிஸ்திரி என்றும், தமிழில் மேஸ்திரி என்றும் ஆயிற்று.

முந்நூறு ரூபாய்க்குள் என்ன இருக்கிறது?

பத்து நிமிட வேலைக்கு 300 ரூபாய் என்று கணக்கிடுவதே தவறான கணக்கு. அவர் சேத்லாவிலுள்ள தம் அறையிலிருந்து வர வேண்டும். பழுதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வர வேண்டும். மீண்டும் திரும்ப வேண்டும். நாளொன்றுக்கு இத்தகைய சிறுவேலைகள் மூன்று கிடைத்தால் நல்ல நாள் என்றார். ஒன்றுமே கிடைக்காத நாட்களும் உண்டு. ரென்ச்சு, துளையிடும் இயந்திரம், மரை வெட்டும் கருவி எல்லாம் அவருடைய சொந்தப் பணம். மாதச் சம்பளக்காரருக்குள்ள வருங்கால வைப்பு நிதியோ, சம்பளத்துடன் விடுப்போ அவருக்கு இல்லை. கை உடைந்தால் அன்றைய அடுப்பும் அணையும்.

எங்கள் பகுதியில் நான் கொடுத்ததையும், சபையாரிடம் விசாரித்ததையும் வைத்துச் சொன்னால், குழாய் மாற்றுதல், அடைப்பு எடுத்தல் போன்ற சிறுவேலைக்கு 200 முதல் 400 ரூபாய் வரையிலும், முழுநாள் வேலைக்கு மிஸ்திரிக்கு 800 முதல் 1,000 வரையிலும், உதவியாளருக்கு 500 முதல் 600 வரையிலும் கேட்கிறார்கள். இரவிலும் பண்டிகை நாட்களிலும் இது கூடும். துர்கா பூஜை வாரத்தில் ஆள் கிடைப்பதே அரிது.

இக்காலத்தில் கைப்பேசிச் செயலியின் வழியாகவும் ஆளை வரவழைக்கலாம். விலைப்பட்டியல் முன்னரே தெரிவதும், ரசீது கிடைப்பதும் அதன் நன்மை. ஆனால் அந்தத் தொகையில் நிறுவனத்தின் பங்கும், சரக்கு மற்றும் சேவை வரியும் அடங்கியிருக்கும். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குக் குறைவாகச் சம்பாதிக்கும் தனி மிஸ்திரி இவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகையால் அவர் வரி என்று எதையும் சேர்த்துக் கேட்கக்கூடாது.

நாமே செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டுக்குள் வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறதென்று வீட்டார் அனைவரும், பிள்ளைகள் உட்பட, அறிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதைத் திருகிப் பாருங்கள். பயன்படுத்தாத வால்வு இறுகிப்போகும்.

இரண்டாவது, பழைய திருகு வகைக் குழாயின் வாஷரை நாமே மாற்றலாம். வால்வை மூடி, குழாயைத் திறந்து மிஞ்சிய நீரை வடியவிட்டு, மேற்பகுதியை ரென்ச்சினால் கழற்றினால் அடியில் தேய்ந்த வாஷர் தெரியும். அதையே கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள்.

மூன்றாவது, கழிவறை ஃப்ளஷ் தொட்டி மறைவாகக் கசிகிறதா என்றறிய, தொட்டி நீரில் சிறிது சாயம் கலந்து, இருபது நிமிடம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே அடைப்பான் தேய்ந்திருக்கிறது.

நான்காவது, சமையல் தொட்டி அடைத்துக்கொண்டால் உடனே அமிலம் ஊற்றாதீர்கள். அது குழாயையும் கையையும் அரிக்கும், பின்னால் வரும் மிஸ்திரியின் கண்ணிலும் தெறிக்கும். அடியில் ஒரு வாளியை வைத்து, கிண்ணம்போன்ற பகுதியைத் திருகிக் கழற்றினால் அடைப்பு பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

கொல்கத்தாவில் வீட்டுக் குடிநீருக்கு மீட்டர் வைத்துக் கட்டணம் வாங்கும் வழக்கம் பரவலாக இல்லாதபடியால், ஒழுகும் குழாயை நாம் பொருட்படுத்துவதில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் பாத்திரம் நிறையும்படி ஒழுகினால், ஒரு நாளில் 24 லிட்டர். ஓராண்டில் 8,760 லிட்டர். பல்தாவில் ஹூக்ளி ஆற்றிலிருந்து எடுத்து, சுத்திகரித்து, 1911 முதல் நின்றுகொண்டிருக்கும் தாலா நீர்த்தொட்டி போன்றவற்றில் ஏற்றி அனுப்பும் நீர் அது. மாடித் தொட்டிக்கு அதை ஏற்றும் மின்சாரத்துக்கோ நாம்தான் பணம் கட்டுகிறோம்.

ஆளை அழைக்குமுன் பேச வேண்டியவை

சிறு வேலைகளைக் குறித்துவைத்து, ஒரே வருகையில் முடித்துக்கொள்ளுங்கள். வந்து பார்ப்பதற்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சாமானை ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து நீங்களே ரசீதுடன் வாங்குவது நல்லது. வெந்நீர் செல்லும் இடத்துக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் உதவாது, சி.பி.வி.சி. குழாயே தேவை. உள்ளே துருவேறிய பழைய இரும்புக் குழாயில் ஓரிடத்தை ஒட்டினால் அடுத்த இடம் ஒழுகும். அங்கே பகுதியாக மாற்றிவிடுவதே சிக்கனம். சுவர் உடைந்தால் யார் பூசுவது என்பதையும் முன்னரே பேசிவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்போர் இதையும் கவனிக்க வேண்டும். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குழாய்களை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்றும், வாஷர், திருகுகுழாய், கைகழுவும் தொட்டி, கழிவறை ஆகியவற்றின் சிறு பழுதுகள் குடியிருப்போர் பொறுப்பு என்றும் பிரிக்கிறது. மாநிலம் ஏற்றால்தான் அது சட்டமாகும். எனினும் நியாயமான அந்தப் பிரிவினையை உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதற்குத் தடையில்லை. நான் எழுதிக்கொள்ளவில்லை, 8,350 ரூபாயும் என் கையிலிருந்தே போயிற்று.

எங்கே சிக்கனம் கூடாது

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வீட்டுச் செப்டிக் தொட்டியிலோ, தெருச் சாக்கடைக் குழியிலோ அடைப்பு ஏற்பட்டால், "கூட 500 ரூபாய் தருகிறேன், இறங்கிப் பார்" என்று எவரிடமும் சொல்லாதிருங்கள். அங்கே தேங்கும் விஷவாயு ஒரு மனிதனை நொடிப்பொழுதில் மயக்கிவிடும். அவரைத் தூக்க இறங்குகிறவரும் மடிவார். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புச் சாதனங்களின்றி ஒருவரை இவ்வேலையில் ஈடுபடுத்துவது இரண்டாண்டுவரை சிறைக்குரிய குற்றம். 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக்கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்தும்படி கட்டளையிட்டது. நான்கே நாளுக்குப்பின், பிப்ரவரி 2 அன்று, இந்நகரின் கிழக்கிலுள்ள பந்தலா தோல் தொழிற்பேட்டையில் சாக்கடைக் குழியில் இறங்கிய மூவர் மாண்டனர். உறிஞ்சும் இயந்திர வண்டியை வரவழையுங்கள். அதற்காகும் தொகை எவ்வளவாயினும் ஓர் உயிரைவிடக் குறைவு.

அதுபோலவே, மூன்றாம் மாடிச் சுவரின் வெளிப்புறத்தில் கயிறின்றி ஒருவரை ஏறச்சொல்லி நூறு ரூபாய் மிச்சப்படுத்தவும் வேண்டாம்.

அந்தி சாயுமுன்

கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டுமென்பது உபாகமத்திலுள்ள கட்டளை என்பதை நாம் அறிவோம். அதைப்பற்றி நான் பிரசங்கித்தும் இருக்கிறேன். ஆயினும் "நாளை வா, சில்லறை இல்லை" என்று நம் வீடுகளில் எத்தனைமுறை சொல்லியிருக்கிறோம்! பேரம் பேசுவது தவறன்று. வேலைக்கு முன்பு பேசுங்கள். வேலை முடிந்தபின், கருவிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு நிற்பவரிடம் குறைப்பது பேரமன்று.

இரண்டாம் நாள் மாலை கணக்குத் தீர்த்தபோது, முன்பு குறைத்த நூறு ரூபாயையும் சேர்த்து அவர் கையில் வைத்தேன். எதற்கென்று கேட்டார், சொன்னேன். சற்றுச் சிரித்தார். "அந்த வளைவு இணைப்பை அன்றைக்கே மாற்றியிருக்கலாம், பாபு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாயிற்றென்று படியிறங்கிப் போனார்.

அன்பானவர்களே, இன்று இரவு படுக்குமுன் உங்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அதனருகில், நம்பத்தக்க ஒரு மிஸ்திரியின் தொலைபேசி எண்ணையும் எழுதிவையுங்கள்.