நொறுங்கத் தின்றால் நூறு வயது

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது நம் நாட்டுப் பழமொழி. "பல் போனால் சொல் போச்சு" என்பது மற்றொன்று. முன்னது மெல்லுதலின் பயனைக் கூறுகிறது. பின்னது பல்லிழந்தவரின் குறையைக் கூறுகிறது. இவற்றோடு மூன்றாவதாக ஒரு செய்தியையும் இக்கால ஆராய்ச்சிகள் நமக்கு வைத்திருக்கின்றன. பற்களை இழந்தோரிடம் முதுமை மறதி சற்று மிகுதியாகக் காணப்படுகிறது என்பதே அது. தறியிலும் வயலிலும் உழைக்கும் நம் அங்கத்தினர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

மெல்லுதல் என்னும் தொழில்

முழு வளர்ச்சி பெற்ற வாயில் 32 பற்கள் உண்டு. முன்பற்கள் வெட்டுகின்றன, கோரைப்பற்கள் கிழிக்கின்றன, கடைவாய்ப்பற்கள் அரைக்கின்றன. உமிழ்நீர் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரந்து, உணவை இளக்கி, மாவுச்சத்தின் செரிமானத்தை வாயிலேயே தொடங்கி வைக்கிறது. பல்லை அரிக்கும் அமிலத்தைத் தணிப்பதும் அதுவே. நன்றாக மெல்லுந்தோறும் உமிழ்நீர் பெருகுகிறது.

பாவில் ஓர் இழை அறுந்து, அதனை முடியாமல் விட்டால் பக்கத்து இழைகளும் சிக்குறுவதை நெசவாளர் அறிவர். பல் வரிசையின் இயல்பும் அத்தகையதே. ஒரு கடைவாய்ப்பல் போன இடத்தை வெறுமையாக விட்டால், அண்டைப் பற்கள் அவ்விடம் நோக்கிச் சாய்கின்றன. எதிர்ப்பல் தன் இருப்பிடத்தை விட்டு நீளுகிறது. பின்னர் முறுக்கும் கடலையும் விலகுகின்றன. கீரைத்தண்டும் இறைச்சியும் விலகுகின்றன. குழைந்த சோறும் கஞ்சியும் தேநீரில் நனைத்த பிஸ்கோத்துமே எஞ்சுகின்றன. புரதமும் நார்ச்சத்தும் குறையும்போது உடல் தசையும் மெலிகிறது.

ஜப்பான் காட்டிய வழி

தணிக்கையின் பொருட்டுச் சங்கங்களுக்குச் செல்லுமிடமெல்லாம் நாம் கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "வயதானால் பல் போவது இயற்கைதானே!" வலி வந்தால் பிடுங்குவது, பிடுங்கியபின் மறந்துவிடுவது என்பதே வழக்கமாயிருக்கிறது.

இக்கருத்து தவறு என்பதை ஜப்பானியர் மெய்ப்பித்துள்ளனர். 80 வயதிலும் 20 சொந்தப் பற்கள் என்னும் குறிக்கோளுடன், "8020" என்ற இயக்கத்தை அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமும் பல் மருத்துவர் சங்கமும் 1989-ஆம் ஆண்டில் தொடங்கின. 20 பற்கள் இருப்பின் பெரும்பாலான உணவுகளை மென்று உண்ணலாம் என்பதே அதன் கணக்கு. அன்று அந்த வயதினரில் பத்தில் ஒருவருக்குக்கூட அத்தனை பற்கள் இல்லை. 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ பாதிப்பேருக்கு மேல் அவ்விலக்கை எட்டியிருந்தனர். மனிதரின் இயற்கை ஒரு தலைமுறையில் மாறிவிடவில்லை; பழக்கமே மாறிற்று.

மெல்லுதலும் மூளையும்

2021-ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், 34,000-க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 14 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பற்களை அதிகம் இழந்தோருக்கு அறிவாற்றல் குன்றும் வாய்ப்பு 1.48 மடங்காகவும், முதுமை மறதி நோய் வரும் வாய்ப்பு 1.28 மடங்காகவும் இருக்கக் கண்டனர். பொய்ப்பல் கட்டிக்கொண்டோரிடம் இவ்வேறுபாடு தெளிவாகத் தென்படவில்லை.

இதற்குச் சில விளக்கங்கள் கூறப்படுகின்றன. மெல்லும்போது மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடுகிறது. மெல்ல இயலாதோர் உணவில் ஊட்டம் குறைகிறது. ஈறு நோயினால் உண்டாகும் அழற்சி உடலெங்கும் பரவக்கூடும். ஆயினும், பல் போவதே மறதிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. வறுமையும் கல்வியின்மையும் நீரிழிவும் இவ்விரண்டையும் வளர்க்கக்கூடியவை. நினைவு தளர்ந்தவர் பல் துலக்க மறப்பதும் உண்டு. எனவே, பல்லைப் பேணினால் மறதி வாராது என்று நாம் உறுதி கூறவில்லை. ஆனால் பல்லைப் பேணுவதால் வரும் மற்ற நன்மைகளுக்கு ஐயமே இல்லை.

மெல்லத் தகாதவை

மெல்லுவதெல்லாம் நன்மையும் அன்று. தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் பாக்கையும் புகையிலையையும் வாயில் அடக்கி வைத்திருப்பவர் நம்மிடையே பலர். புகையிலை சேர்ந்த தாம்பூலம் மட்டுமன்றி, பாக்கு தனித்தும் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் அறிவித்தது. பாக்கினால் வாயின் உட்புறம் நார்த்தன்மையடைந்து இறுகி, வாய் திறப்பதே அரிதாகும் நோயும் வருகிறது. சோற்றுக் கவளத்துக்கும் வழியின்றி வாய் அடைபட்ட பின் பல் இருந்தும் பயன் யாது?

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இதனைப் படித்துக் கலங்க வேண்டுவதில்லை. குற்றம் நிறுவப்பட்டிருப்பது பாக்கின் மீதும் புகையிலையின் மீதுமே, இலையின் மீதன்று.

செய்ய வேண்டுவன

காலையிலும் இரவு படுக்குமுன்னும் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்குக. செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். இடைவேளைதோறும் சர்க்கரையிட்ட தேநீர் அருந்துவோர் உடனே வாய் கொப்பளித்தல் நன்று. நீரிழிவுள்ளோர் ஈறுகளில் தனிக் கவனம் கொள்க. ஈறு நோய் நீரிழிவை முறுகச் செய்யும், நீரிழிவு ஈறு நோயை முறுகச் செய்யும். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தோன்றினாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், மூன்று விரல்களை அடுக்கி நுழைக்க இயலாதபடி வாய் சுருங்கினாலும் மருத்துவரை நாடுவதில் ஒரு நாளும் தாமதம் கூடாது. பல் இழந்தோர் பொய்ப்பல் கட்டிக்கொள்வதை ஆடம்பரமென எண்ணலாகாது. அதன் வலிமை சொந்தப் பல்லுக்கு ஈடாகாது. எனினும் வெறும் ஈற்றினும் மேலன்றோ!

தனியொருவர் மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும். கூலியை எண்ணியே பலர் வலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது. ஆண்டுப் பொதுப்பேரவை கூடும் நாளில் அங்கத்தினர் அனைவரும் ஓரிடத்தில் திரள்கின்றனர். அன்றே அரசு மருத்துவமனையின் பல் மருத்துவரை வரவழைத்து வாய்ப் பரிசோதனை நடத்தலாம். உபவிதிகள் இடந்தரும் அளவில், பொது நல நிதியிலிருந்து முதிய அங்கத்தினருக்குப் பொய்ப்பல் கட்ட உதவலாம். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.