பிள்ளைகள் கையில் போன்

2020-ல் கொரோனா ஊரடங்கால் பள்ளிகள் மூடியபோது, பல வீடுகளில் பிள்ளைகள் கைக்குத் திறன்பேசி பாடத்துக்காகவே வந்தது. பள்ளி திறந்த பிறகும் பல இடங்களில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. ஆகவே ‘போனைத் தொடவே கூடாது’ என்ற கண்டிப்பு நெடுநாள் நிற்பதில்லை.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவற்றில் கணக்குத் தொடங்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிள்ளையின் மனமுதிர்ச்சியை அளந்து வைத்த எல்லை என்று இதை எண்ணிவிடக் கூடாது. 13 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டுவதற்கு எதிராக அமெரிக்கா 1998-ல் இயற்றிய சட்டத்தின் வழியே வந்த எண் அது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போய், 16 வயதுக்குட்பட்டோர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்காமல் தடுக்கும் பொறுப்பை 2025 டிசம்பர் முதல் நிறுவனங்கள்மீதே சுமத்தியிருக்கிறது.

சட்டம் எதுவாயினும், பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு உள்ளே நுழைவது எளிது. சில வீடுகளில் பெற்றோரே அப்படிப் பதிவு செய்து கொடுக்கிறார்கள். அது பிள்ளைக்குச் செய்யும் பெரும் தீங்கு. இன்ஸ்டாகிராம் 2024 முதல் பதின்பருவத்தினரின் கணக்குகளை அனுமதி பெறாத பிறர் பார்க்க முடியாதபடி பூட்டியே தருகிறது; முன்பின் அறியாதவர்கள் செய்தி அனுப்பவும் முடியாது. பெரியவர் வயதைப் போட்டுச் சேர்ந்த பிள்ளைக்கு இந்தக் காப்பு கிடைக்காமல் போகலாம்.

நேரக் கட்டுப்பாட்டுக்கு ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம் உண்டு. ஆனால் கருவி மட்டும் போதாது; ரீல்ஸுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்றில்லை. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பெரியவர்களே நிறுத்தத் திணறும் இடத்தில் பிள்ளையை மட்டும் திட்டுவது நியாயமில்லை. இரவில் வீட்டில் எல்லாருடைய போனும் கூடத்தில் சார்ஜ் ஏறுவது நல்ல வழக்கம். அப்பா, அம்மாவின் போனும் அதில் சேர்த்தி.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது மிரட்டல். நட்பாகப் பேசி அந்தரங்கப் படம் வாங்கி, பிறகு பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட பிள்ளை வீட்டில் வாய் திறக்காததற்குப் பெரும்பாலும் வெட்கத்தோடு இன்னொரு பயமும் காரணம்: போனைப் பிடுங்கிவிடுவார்கள். ‘என்ன நடந்தாலும் சொல், போனைப் பிடுங்க மாட்டோம், அடிக்க மாட்டோம்’ என்ற உறுதியைப் போன் கொடுக்கும் நாளிலேயே கொடுக்க வேண்டும். கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும்.

அப்படி நேர்ந்தால் பணம் அனுப்பக் கூடாது. உரையாடலை அழிக்காமல், மிரட்டுபவரின் கணக்குப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது. பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்கலாம். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். குழந்தைகளுக்கான 1098 உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. பிள்ளையே நேரடியாகப் பேசலாம்.